சிலைக்குப் பக்கத்தில் ஒரு தவறான சக்கரம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரத் தலைவர் அவர்களே! ஆலய மணியை விட உரக்கப் பேசும் அருள்தந்தை அவர்களே! உலைக்கூடத்துச் சம்மட்டிக்குக் காதைக் கொடுத்துவிட்டு, நான் என்ன சொன்னாலும் தலையாட்டப்போகும் பெரியோர்களே! லூ ஆற்றில் துணியோடு ஊர்க்கதையையும் சேர்த்துத் துவைக்கும் தாய்மார்களே! ஒயின் பீப்பாயை எப்போது திறப்பார்கள் என்று எட்டிப் பார்க்கும் இளங்காளைகளே! மறைந்த பொறியாளர் அன்செல்மின் மனைவி எர்மான்ஸ் உங்களை வணங்குகிறேன்.

"இரண்டே வார்த்தை பேசுங்கள், அம்மா" என்றார் தலைவர். தன் வார்த்தைகளை அவர் எண்ணவில்லை; என் வார்த்தைகளை மட்டும் ஏன் எண்ண வேண்டும்?

திரை விலகியது. என் கணவர் கல்லாய் நிற்கிறார். வீட்டு வேலை என்றால் அப்படித்தான் நிற்பார், அதில் குறையில்லை. மூக்கு அவருடையதன்று, போகட்டும். ஆனால் பக்கத்தில் நிற்பது என்ன? ஆற்று நீரில் சுற்றும் பழைய மரச் சக்கரம், கல்லில் செதுக்கி! எந்தச் சக்கரத்தை ஒழிக்க உண்ணாமல் உறங்காமல் உழைத்தாரோ, அந்தச் சக்கரம்! எவன் செய்த வேலை இது? என்ன, டர்பைன் எப்படி இருக்கும் என்று சிற்பி கேட்டாராமா? "டர்பைன் தண்ணிக்கடியில கெடக்கு, நாங்க யாரும் பார்த்ததில்ல" என்று நம் நகர சபையோர் சொன்னார்களாமா? நன்று, மிக நன்று!

இளையவர்களே, கேளுங்கள். அந்நாளில் ஆறு பெருகினால், உலைச் சம்மட்டியை ஓட்டும் சக்கரம் இடுப்பளவு நீரில் மூழ்கி நின்றுவிடும். சக்கரம் நின்றால் சம்மட்டி நிற்கும். சம்மட்டி நின்றால் அடுப்பு நிற்கும். அப்போது வந்தார் அன்செல்ம். முட்டை வேகவைக்கத் தெரியாது. ஆற்றையே வேலை வாங்குவேன் என்றார்! அவருடைய முதல் டர்பைன், நீருக்கடியில் சுழல வேண்டிய இரும்புச் சுழலி, சுற்றவே இல்லை. இரண்டாவது சுற்றிய சுற்றில் உடைந்து, இரும்புத் தகடு அன்றைய அருள்தந்தையின் கோழிக்கூட்டில் போய் விழுந்தது. உலை முதலாளி ரக்கோ சொல்லிவிட்டார்: "தம்பி, அடுத்த வெள்ளத்துல சம்மட்டி அடிச்சா நீ இங்க இரு. அடிக்கலன்னா மூட்டையைக் கட்டு."

மூன்றாவதை ஆற்றடியில் பொருத்தினார் அன்செல்ம். வெள்ளம் வந்தது. ஊரே கரையில் நின்றது. பழைய சக்கரம் மூழ்கி நின்றது. சம்மட்டியோ, டங்! டங்! டங்! என்று அடித்தது.

ஊர் கைதட்டியதா? இல்லை! ஊர் குதிரையைத் தேடியது!

சிரிக்காதீர்கள், தேடியவர்கள் உங்கள் தாத்தாக்கள்தான். சக்கரம் சுற்றாமல் சம்மட்டி அடித்தால் உலைக்கூடத்துக்குள்ளே அதை இழுக்கக் குதிரை ஒளிந்திருக்கத்தானே வேண்டும்? காவலர் குனிந்து குதிரை லத்தி தேடினார். அன்றைய அருள்தந்தை தீர்த்தம் தெளித்தார். அகப்பட்டது, வைக்கோலுக்குள் காவற்காரன் ஒளித்த அரைத் தொத்திறைச்சி! "மோசடிக்காரனை ஆத்துல தள்ளுங்கடா!" என்று கத்தினார்கள்.

அப்போது ரக்கோ என் அப்பாவைப் பார்த்தார். ஆம், தியோதுல் பூர்ஷே, இந்த ஆற்றின் சக்கரங்களையெல்லாம் செய்த தச்சர், என் அப்பா! "யோவ் தியோதுல், சக்கரம்னா உனக்குத்தான் தெரியும். இது ஏமாத்தா இல்லையா, உன் வாயால சொல்லு."

ஒரே ஒரு சொல்! "ஏமாத்து" என்றால் அன்செல்ம் போவார். அப்பாவின் பிழைப்பு தப்பும். அன்செல்ம் மீது எனக்கு ஒரு கண் என்பது உண்மை. வீட்டில் மாவு அப்பாவின் உளியால் வந்தது என்பதும் உண்மை. யாருக்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

அப்பா இறங்கினார். நீருக்குள்ளிருந்து எழுந்து சுழன்ற இரும்புத் தண்டில் உள்ளங்கையை வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"குதிரையெல்லாம் இல்லய்யா. இருந்தா உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் சந்தோஷம். ஆறுதான் அடிக்குது."

தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டார்! அதன்பின் எவரும் அவரிடம் சக்கரம் கேட்கவில்லை. நாற்காலி செய்தார், தொட்டில் செய்தார், சவப்பெட்டி செய்தார். கடைசிவரை என் கணவரோடு சீட்டாடித் தோற்றார், தோற்றபோதெல்லாம் திட்டினார். அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் ஒருநாளும் வருந்தவில்லை.

அன்செல்ம் ஆற்றின் வலிமையைக் கண்டார், ஐயமில்லை. ஆனால் அன்று என் அப்பா வாய்மூடி நின்றிருந்தால் இன்று சிலை ஏது? விழா ஏது? பீப்பாய்தான் ஏது?

சபையோரே! இந்தக் கல் சக்கரத்தை உளியால் உடைக்கச் சொல்லத்தான் மேடை ஏறினேன். இப்போது சொல்கிறேன்: உடைக்காதீர்கள்! அது அங்கேயே நிற்கட்டும். அதன் அடியில் என் அப்பாவின் பெயரைப் பொறியுங்கள்.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், கேளாத காதுகளுக்கும் நன்றி. தலைவரே, பீப்பாயைத் திறக்கலாம். வணக்கம்!