இஞ்சாருங்கோ

மனிசியின் மூக்குக்கண்ணாடி மேல் ஒரு மனிதன் தெரியாமல் உட்கார்ந்துவிடலாம், ஐயா. அதற்கு எந்தப் பொலிசும் வழக்குப் போடாது. அடுத்த கண்ணாடி கிணற்றுக்குள் விழுந்தது. நான்தான் விட்டேன், ஆனாலும் அதைப் பெரிதாக எழுதவேண்டாம்.

என் மனிசி கேதீஸ்வரிக்கு வெள்ளெழுத்து வந்த பிறகுதான் எங்கள் குடும்பம் குடும்பமானது. அதற்கு முன் அவள் புத்தகமும் தையலுமாக இருப்பாள். இறுப்பிட்டி வீட்டில் நான் யாரும் உட்காராத இன்னொரு கதிரை. கிட்டத்தில் உள்ளது மங்கியதும், ஊசிக்கு நூல் கோக்க, மீனில் முள்ளுப் பார்க்க, குசினிக்குள் இருந்து "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடத் தொடங்கினாள். எங்கள் பெண்கள் புருஷனின் பேரைச் சொல்வதில்லை. இங்கே பாருங்கோ என்பதுதான் சுருங்கி அப்படி ஆனது. அந்தச் சொல்லுக்காகவே நான் காலையில் எழும்பினேன்.

கண்ணாடி தங்குவதில்லை என்று கேள்விப்பட்டு, கனடாவில் இருக்கும் மகன் துஷ்யந்தன் ஃபோன் எடுத்தான்.

"லேசர் செய்தால் கண்ணாடியே தேவையில்லையப்பா. அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

எத்தனையோ சாட்டுச் சொன்னேன். வியாபாரக் குடும்பத்துப் பொடியன், விட்டுக்கொடுக்கவில்லை.

கொழும்பில் லேசர் முடிந்து திரும்பி வரும் பஸ்ஸில், தீவுப் பாலம் தாண்டும்வரை பிஸ்கட் பெட்டியின் பொடியெழுத்தை வாசித்துக்கொண்டு வந்தாள். பிறகு என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"என்னப்பா, மூக்குமயிரெல்லாம் நரைச்சுப்போச்சு. இந்தக் கிழவனோடயே இவ்வளவு நாளும் குடும்பம் நடத்தினனான்?"

"நீர் மட்டும் குமரோ?"

"இனி ஒண்டுக்கும் உங்களைக் கூப்பிடமாட்டன். ஆறுதலா இருங்கோ."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் அப்பருக்குப் பதுளையில் புடவைக்கடை. நான் கடைக்குள்ளேயே வளர்ந்தவன். பேரம் பேசுகிற ஆளுக்கு ஒருநாளும் பயந்ததில்லை. ஒன்றும் வேண்டாம் என்று சிரித்தபடி படியிறங்குகிற ஆளைக் கண்டால்தான் பயம்.

கண்ணுக்கு மருந்து விடுவது மட்டும் என் வேலையாக மிஞ்சியது. மருந்துப் போத்தலில் இருந்ததை வெளியே ஊற்றிவிட்டு நான் நிரப்பியது என்ன என்பது, அலுமாரியில் இருந்து நீங்கள் எடுத்த சாமான்களில் இருக்கிறது. அவள் அண்ணாந்து படுத்தாள்.

"எரியுதப்பா."

"மருந்தெண்டால் எரியும்தானே."

மற்றக் கண்ணையும் காட்டினாள்.

இப்போது அவளுக்குக் கிட்டவும் தெரிவதில்லை, தூரமும் தெரிவதில்லை. சோறு குழைத்து வாயில் தீத்துகிறேன், கைபிடித்து நடத்துகிறேன். வெளியே போய் விழுந்துவிடுவாள் என்றுதான் வாசல் கேற்றைப் பூட்டினேன். மகன் ஃபோன் எடுத்தால் அம்மா நித்திரை என்கிறேன். நான் கிட்டப் போனால் அவளுக்கு உடம்பு நடுங்குகிறது. சாப்பாடு போதாது போல.

ஆனால் அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது, ஐயா. ஜீப்பில் வரும்போது நீங்களே கேட்டிருப்பீர்கள். நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். அவள் பூட்டிய கேற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, ரோட்டுப் பக்கம் முகத்தை வைத்து, "இஞ்சாருங்கோ, ஆராவது நிக்கிறியளோ, இஞ்சாருங்கோ" என்று கத்தினாள்.

என்னைத்தான் கூப்பிட்டாள்.