தவறான விடைக்கு ஒரு பாராட்டு

என் பேச்சு எப்போது முடியுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அவைத்தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் பாடப்புத்தகமுமாக வந்திருக்கும் தாய்மார்களே! தேர்வெனும் தீயில் வேகும் தோழர்களே! தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் கணவரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் ஒரு செவிலி. தலைமைச் செவிலித் தேர்வில் ஏற்கெனவே தோற்றவள். இன்னொரு முறை தோற்றால், அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பு தாண்டிவிடும். அதன்பின் வாய்ப்பே இல்லை. படித்தேன், படித்தேன், படித்துக்கொண்டே இருந்தேன். நின்றதா? நெஞ்சில் ஒன்றும் நிற்கவில்லை!

கைகொடுக்க வந்தார் கணவர். அவர் தையற்காரர். துணி வெட்டும் கத்தரியால் அட்டை வெட்டினார். முன்பக்கம் கேள்வியும் நான்கு விடைகளும். பின்பக்கம் சரியான விடை. தவறிய அட்டை தினமும் திறக்கும் தினப்பெட்டிக்கு, தேறிய அட்டை வாரம் ஒருமுறை திறக்கும் வாரப்பெட்டிக்கு, மறுபடியும் தேறினால் மாதப்பெட்டிக்கு. நான் மறக்கப்போகும் நேரம் பார்த்து, அட்டை என் நாத்தனாரைப் போல வாசலில் வந்து நிற்கும். (அவரும் வந்திருக்கிறாரா? மன்னியுங்கள் அண்ணி!)

என்ன வேகம்! என்ன வெற்றி! எல்லா அட்டைகளும் மாதப்பெட்டியில் குடியேறின. மாதிரித் தேர்வு எழுதினேன். மண்ணைக் கவ்வினேன்!

வீட்டுக்கு வந்து ஓர் அட்டையை உற்றுப் பார்த்தேன். ‘நடுங்கி வியர்க்கும் சர்க்கரை நோயாளிக்கு உடனே எதை அளக்க வேண்டும்? அ) இடுப்புச் சுற்று. ஆ) ரத்தச் சர்க்கரை. இ) கால்சட்டை நீளம். ஈ) கழுத்துப்பட்டை.’

“என்னங்க இது? பச்சைக் குழந்தைகூட சரியாச் சொல்லுமே!”

“நீ தப்பாச் சொன்னா மூஞ்சி வாடிப்போகுது. எனக்கு அது தாங்கலை.”

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மாதிரித் தேர்வுத் தாளை அவர் கையில் கொடுத்தேன். “நான் எங்கெங்க ஏமாந்தேனோ, அதையெல்லாம் தவறான விடையாப் போடுங்க” என்றேன். போட்டார், மனமில்லாமல் போட்டார். விழுந்தேன், தினமும் விழுந்தேன். அட்டைகள் தினப்பெட்டிக்கே திரும்பின. “தப்பும்மா” என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உண்மைத் தேர்வு வந்தது. நான்கு விடைகளும் நல்லவர் போல நின்றன. அவற்றுள் ஒன்று என்னைப் பலமுறை ஏமாற்றிய பழைய ஆள்! “உன்னை எனக்குத் தெரியும், தள்ளி நில்” என்றேன். வென்றேன்!

தோழர்களே! எளிதாக வெல்ல வைக்கும் அட்டை அன்பின் அட்டை. அதை அணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்களை வீழ்த்தும் அட்டையை வைத்துப் படியுங்கள்!

தலைமைச் செவிலியின் இந்தச் சீருடையைத் தைத்தவரும் அவரே. அளவுநாடாவோடு வந்து நின்று கேட்டார்: “இப்ப எதை அளக்கணும்? இடுப்புச் சுற்றா, ரத்தச் சர்க்கரையா?”

இப்போது நான் செய்ய வேண்டியது என்ன? அ) இன்னும் ஒரு மணி நேரம் பேசுவது. ஆ) இறங்குவது. சரியான விடை தலைவர் முகத்திலேயே எழுதியிருக்கிறது. கேட்டவர்களுக்கும், தூணுக்குப் பின்னால் கண்ணைத் துடைப்பவருக்கும் நன்றி, வணக்கம்!