காலண்டர்ல இல்லாத ஜனவரி

அங்க இல்ல தம்பி, அந்த நாற்காலி ஆடும். இப்படி என் பக்கத்துல உக்காருங்க. லேப்டாப்ப அப்புறம் தொறக்கலாம், மொதல்ல இந்தக் கண்றாவிய உங்க கண்ணால பாருங்க.

இதோ, கதவுக் கீல். டென்மார்க்காரன் ஜனவரி கடைசில வேணுங்கிறான். எந்த மெஷின்ல எந்த நாள் அடிக்கணும்னு உங்க சாஃப்ட்வேர்தானே சொல்லணும்? தட்டுறேன். பாத்தீங்களா, செவப்பா? இந்தத் தேதி தொழிற்சாலைக் காலண்டர்ல இல்லையாம். பிப்ரவரி போட்டாலும் அதே பாட்டு. இரும்புத் தகடு வாங்க முடியல, ஆளுங்களுக்கு ஷிப்ட் போட முடியல. ஹில்ட்ரூட் அக்கா, பிப்ரவரில புள்ளைங்களப் பனிச்சறுக்குக்குக் கூட்டிட்டுப் போகணும், எனக்கு எந்த ஷிப்ட்னு ஒவ்வொருத்தனா என் முன்னால வந்து நிக்கிறான். நான் என்னன்னு சொல்ல?

ம்? ரீஸ்டார்ட்டா? அதச் சொல்லவா தம்பி மியூனிக்ல இருந்து ரயிலேறி வந்தீங்க? உங்க ஹெல்ப்டெஸ்க்ல ஒருத்தன் தெனம் அதத்தான் சொல்றான். சொல்லிட்டு, பிரச்சனை தீர்ந்துச்சுன்னு அவனே எழுதி என் புகார மூடிடுறான். தூ.

எங்க மேனேஜர் ஷுல்ட்டே அவனுக்கும் மேல. ஏன் கெடந்து கத்துற, எல்லா ஆர்டரையும் டிசம்பர் முப்பத்தொண்ணுல தள்ளு, அந்தச் செவப்பு மெசேஜ் வராதுங்கிறான். தள்ளுனேன். இந்தாங்க, அந்த ஒரே நாள்ல மலையளவு கீல் அடிக்கப் போறோம். வருஷக் கடைசியில ஊரே பட்டாசும் ஜாம் பன்னுமா கெடக்கும், எவன் வந்து பிரஸ் மெஷின்ல நிப்பான்? சாஃப்ட்வேர் அதுக்குப் பச்சை காட்டுது பாருங்க. பாக்கவே குமட்டுது எனக்கு.

இல்ல, நான் எதையும் தப்பா அழுத்தல. இந்த சீட்லதான் எனக்கு முடியே நரைச்சுது.

கடுப்புல போன வாரம் நம்ம போலந்து பிளாண்ட்டோட காலண்டரத் தொறந்து பாத்தேன். அதே சாஃப்ட்வேர், அதே முதலாளி. அங்க ஜனவரி இருக்கு தம்பி. அடுத்த வருஷம் முழுசும் இருக்கு, அதுக்கடுத்த வருஷமும் இருக்கு. டென்மார்க்காரனோட கீலும் அங்கதான் ஜம்முன்னு உக்காந்திருக்கு. மெசேஜ்ல ஒரு தப்பும் இல்ல. இந்தக் கட்டடத்துல உண்மை பேசுனது அது ஒண்ணுதான்.

உங்களக் காலண்டர நீட்டச் சொல்லி அனுப்பல. மெசேஜ் மட்டும் வராம பண்ணச் சொன்னாங்க. அப்படித்தானே?

சரி, விடுங்க. கண்ணாடிய எத்தன வாட்டி தொடைப்பீங்க. கடைசி நாள் வரைக்கும் நாங்க வேற வேலை தேடாம, வாயப் பொத்திக்கிட்டுக் கீல் அடிச்சுக் கொடுக்கணும். ச்சீ! இந்த பிளாண்ட்ட மூடப் போறோம்னு மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஒருத்தனுக்கும் வக்கில்ல. மெஷினுக்குச் சொல்லிட்டானுங்க, மனுஷனுக்குச் சொல்லல.

என்ன, திடீர்னு சத்தமே இல்லைங்கிறீங்களா? ஆமா, பிரஸ்ஸெல்லாம் இப்பத்தான் நின்னுச்சு. காலைல டிபன் நேரத்துல கீழ எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஷுல்ட்டேயக்கூட அங்கதான் நிக்க வச்சிருக்காங்க.

காப்பியக் குடிங்க, ரெண்டு பேரும் இறங்குவோம். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. பயப்படாதீங்க தம்பி, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஜனவரி எங்கடான்னு கேப்பாங்க, அவ்வளவுதான்.