தடை போட்ட ஓடை

– என்ன வசேமதா இது, என் மேசை மேல தார் பூசின மூட்டை? சுவா டவுன்லேருந்து இப்பத்தான் பஸ் இறங்கி வர்றேன். பெட்டியை வைக்க இடமில்ல!

– தார் இல்ல மாஸ்டர். வலைப்பையில அடைச்ச தேங்காய் நார். ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க அறிவியல் பாடத்துக்குச் செஞ்ச எண்ணெய் வடிகட்டி. காலையில ஓடையில கட்டினோம், சாப்பாடு முடிஞ்சு போய் எடுத்தா இந்த லட்சணம்.

– ஓடையிலயா? ஊர்த் தலைவர் செத்து இன்னும் நூறு நாள் ஆகல. அந்தத் தண்ணியில யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு ஊரே தடை போட்டிருக்கு. நீ பிள்ளைங்கள இறக்கி விட்டிருக்கியா?

– தலைவர் வீட்டுல கேட்டுட்டுத்தான் இறக்கினேன். நான் என்ன பைத்தியமா? முதல்ல இதக் கேளுங்க. அழுக்கைப் பிடிச்சா போதாது, எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருந்தேன். மூணு பை செஞ்சு, ஓடை நெடுக இடம் விட்டுக் கட்டினாங்க. மேல கட்டினது சுத்தம். கீழ ரெண்டும் கன்னங்கரேல்னு இருக்கு. நடுவுல இருக்கிற சதுப்புக் காட்டுல புகுந்து பார்த்தா, ஓலை போட்டு மூடின ரெண்டு பீப்பாய். ஒண்ணு ஓட்டை.

– பிள்ளைங்க பார்த்தாங்களா?

– பார்த்தாங்க. நம்ம ஜெனரேட்டர் பீப்பாய்னு அடையாளமும் சொன்னாங்க. எந்தப் புண்ணியவான் மாஸ்டர் அங்க கொண்டுபோய் வெச்சது?

– கத்தாத. நான்தான்.

– நீங்களா! ஐயோ, நீங்களா மாஸ்டர்?

– வேற என்ன பண்ணச் சொல்ற? கழிவெண்ணெய் வகுப்புக்குப் பின்னாடி கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சின்னதுங்க அதுல கைய விட்டு விளையாடுதுங்க. எனக்குப் பதறிப் போச்சு. தடை இருக்கிற வரைக்கும் ஓடைப் பக்கம் ஈ காக்கா போகாது. குளிக்க மாட்டாங்க, மீன் பிடிக்க மாட்டாங்க. இந்த ஊர்ல அதவிடப் பத்திரமான இடம் எது, சொல்லு? சனிக்கிழமைதான தடை எடுக்கிறாங்க? வெள்ளிக்கிழமை லாரிக்குச் சொல்லிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

– மாஸ்டர், உங்களுக்கு யாரும் சொல்லலையா? புயல் வருதுன்னு ரேடியோவில சொன்னதும், சடங்கை முன்னாடியே வெச்சு முடிச்சுட்டாங்க. நேத்தே தடை எடுத்தாச்சு.

– நேத்தா?

– இன்னிக்கு விடியக்காலையில வலை போட்டாங்க. முதல் மீன் பள்ளிக்கூடத்துக்குத்தான்னு தலைவர் வீட்டுலேருந்தே கொண்டுவந்து கொடுத்தாங்க. தேங்காய்ப்பால் ஊத்தி வேகவெச்சு, மத்தியானம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் அதத்தான் போட்டோம். உங்க பொண்ணு மெரெயோனி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.