அந்த ஃபேன் உன் தப்பில்லை, இம்மானுவேல்

ப்ராசஸரை மாற்றினால் ஃபேன் சத்தம் போடும் என்று எனக்கு முன்பு தெரியாது. கம்ப்யூட்டர் வேகமாகும், கல்யாண வீடியோக்களைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கலாம் என்றுதான் உன்னைக் கம்பத்துக் கடையிலிருந்து வரவழைத்தேன். நீயும் நல்லபடியாகத்தான் மாட்டினாய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நீ காமயகவுண்டன்பட்டிக்கு வந்து என் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று அழுதாய். "நான் அந்த ஃபேன ஒழுங்கா சரி பண்ணிருந்தா அவுக கூப்புட்டது உங்களுக்குக் கேட்டிருக்கும்ணே, அவுகளும் இருந்திருப்பாக" என்றாய். சிபியுவை ஒரு தடவை திறந்து பார்க்கிறேன் என்று கேட்டாய். நான் விடவில்லை. இனிமேல் இந்த வேலையே எடுப்பதில்லை என்று நீ சொல்லிவிட்டுப் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒருத்தன் தொழிலை விடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ யாரிடம் காட்டினாலும் சரி, போலீஸிடம் என்றாலும் எனக்கு மறுப்பில்லை.

கர்ணன் அண்ணனை நீ கட்டிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். இளநீர் இறக்க ஏறியவர், தென்னையிலிருந்து விழுந்து நான்கு வருடம் ஆகிறது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. குரல் மட்டும் உண்டு. என் மனைவி அனுசுயா எட்டு மணி பஸ்ஸில் உத்தமபாளையத்துக்கு வேலைக்குப் போய்விட்டால், சாயங்காலம் வரை வீட்டில் அவரும் நானும்தான்.

அவர் என்னைத் தொந்தரவு செய்தார் என்று சொல்ல மாட்டேன். மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்ட ஒரு கை வேண்டும், கூப்பிடுவார். கண்ணில் வேர்வை இறங்கினால் கூப்பிடுவார். மணி என்ன என்று கேட்கக் கூப்பிடுவார். சில சமயம் எதற்கும் இல்லை. "ஏலே கண்ணா, செத்த நேரம் இங்கன இருடா" என்பார். போய் உட்கார்ந்தால் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவர் மேலே சுழலும் ஃபேனைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். ஒரு நாள் அவர் கூப்பிட்டதை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு தடவை. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

சளிதான் முக்கியம். தொண்டையில் அடைத்தால் அவரால் இருமித் துப்ப முடியாது. உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைத் தட்டி, வாயில் விரலை விட்டு எடுக்க வேண்டும். தாமதித்தால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி அடைக்கும்போது அவர் கூப்பிடும் குரலே வேறாக இருக்கும். நான்கு வருடத்தில் அது எனக்குப் பழகிவிட்டது.

நீ புது ப்ராசஸரை மாட்டிவிட்டுப் போன மறுநாளே ஃபேன் கத்த ஆரம்பித்தது. மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஒன்பது நாள் அப்படி ஓடியது. நான்கு வருடத்தில் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒன்பது நாள்தான். ஒரு பாட்டை முழுதாக வெட்டி ஒட்ட முடிந்தது. ஒரு டீயைச் சூடாகக் குடிக்க முடிந்தது.

ஒன்பதாம் நாள் அனுசுயா வந்து பார்த்தபோது அண்ணனின் காதோரம் எறும்பு மொய்த்திருந்தது. "தொண்டை கட்டுற அளவுக்கு அவுக கூப்புட்டிருக்காக. உங்களுக்குக் காது அவிஞ்சா போச்சு?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சத்தியமாக எனக்குக் கேட்டிருக்கவில்லை. அண்ணன்தான், "அவனத் திட்டாத ஆத்தா, மிசினு சத்தம்தான" என்றார். அன்றைக்கே உனக்கு போன் செய்தேன். அப்போது நான் நல்லவனாகத்தான் இருந்தேன்.

நீ வந்து ப்ராசஸர் மேல் ஃபேனோடு இருந்த கூலரைக் கழற்றினாய். சூட்டைக் கடத்தும் பேஸ்ட் சரியாகப் படியாமல் திட்டுத் திட்டாக இருந்ததைக் காட்டி, துடைத்துப் புதிதாகத் தடவினாய். அப்புறம் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து, அது எழும்போதே டெலிட் பட்டனைத் தட்டி செட்டிங்குக்குள் போனாய். ஃபேன் வேகத்தை எங்கே மாற்றுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஃபுல் ஸ்பீடில் இருந்ததை சைலண்டுக்கு மாற்றினாய். "இனிமே மிசின் ஓடுறதே தெரியாதுண்ணே" என்றாய். நீ சொன்னது சரி. நீ தெரு முனையைத் தாண்டுவதற்குள் அண்ணன் கூப்பிட்டார். பளிச்சென்று கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை நானே ஃபுல் ஸ்பீடுக்கு மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். அனுசுயா வருவதற்கு முன்னால் திரும்ப சைலண்ட். ஒரு மனிதனுக்கு அரை மணி ஓய்வு அதிகமில்லை என்று நினைத்தேன். அண்ணனுக்கு எதுவும் ஆகவில்லை. அவர் அனுசுயாவிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாண வீடியோவை மதியத்துக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. பத்து மணியிலிருந்து பதினொரு மணிக்குள் ஆறு தடவை எழுந்து போனேன். ஏழாவது தடவை அவர் கூப்பிட்ட குரல் வேறாக இருந்தது. அது என்ன குரல் என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்க நினைத்தேன். முடியவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது, உடம்பிலும் ஒன்றுமில்லை, ஆனாலும் முடியவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நீ நம்புவாயா என்றும் தெரியவில்லை.

கை மட்டும் வேலை செய்தது. வீடியோவை சேவ் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

நீ கவனித்திருப்பாய், கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும்போது ஒரு சத்தமும் இருக்காது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. "ஏலே கண்ணா" என்றார். டெலிட் பட்டனைத் தட்டினேன். நீ காட்டிய பக்கத்துக்குப் போனேன். "கண்ணா" என்றார். ஃபுல் ஸ்பீடை எடுத்து வைத்தேன். மாற்றத்தைச் சேமிக்கவா என்று ஸ்கிரீனில் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து என் பேரில் பாதிதான் வந்தது. யெஸ் என்று கொடுத்தேன்.

ஃபேன் கத்த ஆரம்பித்தது. அதற்கப்புறம் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

நீ சிபியுவைத் திறந்திருந்தால் பேஸ்டும் கூலரும் நீ வைத்தபடியே இருந்திருக்கும். செட்டிங்கைப் பார்த்திருந்தால் விஷயம் உனக்கே புரிந்திருக்கும். அதனால்தான் உன்னைத் தடுத்தேன். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. கடையில் வழக்கம்போல வேலையை எடு.

நாற்பது நிமிடம் நன்றாக வேலை ஓடியது, வீடியோவும் முடிந்தது. பிறகு எழுந்து அண்ணனைப் பார்க்கப் போனேன். அந்த நான்கு வருடத்தில் பகல் வேளையில் அவர் கூப்பிடாமலே நானாகப் போனது அன்றைக்குத்தான்.