திருப்பிப் போட்டிருக்கு!

நன்றி! வணக்கம்! இந்த அளவில் என் உரையை நிறைவு செய்கிறேன்!

அட, நிஜமாகவே கைதட்டுகிறீர்களே! அவ்வளவு அவசரமா? மீன் சூப் ஆறாது, அடுப்பில்தான் இருக்கிறது. நான் இன்னும் தொடங்கவே இல்லை, ஐயா! நம் ஊர் கோல்டர் துறையின் புகைப்பட, கைவேலைக் கழகத்தின் ஆண்டு விருந்தில் ‘தலைகீழ்’ என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, பேச்சை மட்டும் நேராகத் தொடங்கு என்றால் நியாயமா? ஆகவே நன்றி முன்னால் போய்விட்டது. மரியாதைக்குரியவர்களை விளிப்பது கடைசியில் வரும். தலைவர் பெர்னிஸ் அம்மையார் முறைக்கிறார்கள். பொறுங்கள் அம்மா, உங்கள் பெயரை விழுங்கிவிட மாட்டேன்.

தலைகீழ்! அந்த ஒரு சொல்லில் அடங்காத கலை உண்டா? பிலிம் சுருளிலே கறுத்த குதிரை வெளுத்துப் போகிறது, வெளுத்த பனி கறுத்துப் போகிறது. அதைப் பார்த்து யாராவது அழுதோமா? அச்சுக்காக லினோலியத் தகட்டில் எழுத்தைச் செதுக்குகிறவன் இடவலம் மாற்றிச் செதுக்குகிறான். தாளிலே அது நிமிர்ந்து நிற்கிறது. பின்பக்கமிருந்து ஊசியால் குத்திக் குத்திக் கம்பளம் போடுகிற பெண்மணி, தான் போடும் படத்தின் முகத்தையே பார்க்காமல் போடுகிறாள். அன்னாசித் துண்டை அடியில் அடுக்கிக் கேக் சுட்டு, தட்டிலே கவிழ்த்து, ‘ஐயோ, ஒட்டிக்கொண்டதே’ என்று அலறாத அடுப்படி இந்த ஊரில் எது? கவிழ்த்தால் கலை, புரட்டினால் புதுமை, திருப்பினால் திருவிழா! அப்படியிருக்க, திருப்பித் திருப்பியே பிழைக்கிற நாம், போன இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு கைகாட்டிப் பலகையிடம் தோற்றுப் போனோமே, எப்படி?

யார் அங்கே இருமுவது? மர்டாக் அண்ணனா? இருமுங்கள், இருமுங்கள். உங்கள் கதைதான் வருகிறது.

பெட்ரோல் பங்க் முனையில் சாலை பிரிகிறது. இடது பக்கம் போனால் நம் கண்காட்சி நடக்கும் இந்தத் தீயணைப்பு நிலைய மண்டபம். வலது பக்கம் போனால் தேவாலயம். இடது பக்கம் விரல் நீட்டுகிற ஒரு கையைக் கம்பளமாகப் போட்டு, பலகையில் அடித்து, முனையில் மாட்டுவது என்று தீர்மானித்தோம். கையைப் படம் பிடிப்பவர் மர்டாக். அதை லினோலியத்தில் செதுக்கி அச்சாக்குபவர் ஃபிலாய்ட். அச்சைப் பார்த்துக் கம்பளம் போடுபவர் ஹேசல் அக்கா. மூவரும் மகா கெட்டிக்காரர்கள். அதுதான் வினை!

மர்டாக் என்ன நினைத்தார்? ‘இந்த ஃபிலாய்ட் செதுக்கும்போது திருப்ப மறந்துடுவான். பாவம், நாமளே திருப்பிக் குடுத்துடுவோம்.’ திருப்பினார். ஃபிலாய்ட் மறக்கவில்லை; தன் வேலையைச் சரியாகவே செய்தார். ஆனால் அவர் என்ன நினைத்தார்? ‘ஹேசலுக்கு இது எப்பவும் குழம்பும். சத்தமில்லாம திருப்பி வெச்சிடலாம்.’ திருப்பினார். ஹேசல் அக்கா குழம்பவே இல்லை; பின்பக்கக் கணக்கைச் சரியாகவே போட்டார். ஆனால் அவர் என்ன நினைத்தார்? ‘மர்டாக் என்னிக்கு ஒரு படத்த நேரா குடுத்திருக்கான்? போகட்டும், நாம திருப்பிக்குவோம்.’ அவரும் திருப்பினார்!

ஒரு முறை திருப்பினால் தப்பு. இரு முறை திருப்பினால் சரி. மூன்று முறை திருப்பினால்? விரல் தேவாலயத்தைக் காட்டியது!

ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்கிறீர்களா? கேட்டால் மனசு நோகுமே! நம் ஊரில் கால்மேல் கார் ஏற்றியவனிடமும் நாம்தானே மன்னிப்புக் கேட்போம்? பல ஆண்டுகளாக இதே மண்டபத்துக்கு வந்து பழகிய நீங்கள், ஏன், நானும்தான், பலகை எதிர்ப்பக்கம் காட்டியதும் ஒரு கேள்வி கேட்காமல் வண்டியைத் திருப்பவில்லையா?

அன்று தேவாலயத்தில் எல்வுட் பிராகனின் இறுதிச் சடங்கு.

சிரிப்பு நின்றுவிட்டதே? எல்வுட்டை மறந்தவர் உண்டா? கழகத்தில் சிலைடுப் படங்களைத் திரையில் காட்டும் மாலைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து, ‘திருப்பிப் போட்டிருக்கு!’ என்று கூரை அதிரக் கத்துவாரே, அவர்தான். மணமகளின் படம் என்றாலும் கத்துவார், பாதிரியாரின் படம் என்றாலும் கத்துவார். மோதிரம் எந்தக் கையில் என்று பார்த்தே கண்டுபிடிப்பார். ஒருமுறைகூட அவர் சொன்னது தப்பில்லை. அதற்காகவே அவரை நமக்குப் பிடிக்கவில்லை. அவர் சாவுக்கு வருவதாக யாரும் சொல்லவில்லை. அவருடைய அக்கா முரியல், தம்பியை ஆளில்லாத தேவாலயத்திலிருந்து தனியாக அனுப்பப் போகிறோமே என்று கலங்கியிருந்தார்கள். அப்படியும் ஊருக்கே காணும்படி முட்டை சாண்ட்விச் செய்து வைத்திருந்தார்கள். யாராவது வந்துவிட்டால்?

வந்தார்கள்! கார் காராக வந்தார்கள்! பின்னல் பையோடும் காமிராவோடும் வந்தார்கள்! ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பதி நேரே சவப்பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

“என்னா இழைப்பு! யாருங்க செஞ்சது?”

“தம்பியே செஞ்சான். ரெண்டு வருஷமா கேரேஜே கதின்னு கெடந்தான்” என்றார் முரியல்.

“அருமை. உள்ள என்ன வெச்சிருக்கீங்க?”

“தம்பியத்தான்.”

அந்தத் தம்பதி திரும்பிப் போனார்களா? போவார்களா? மரியாதை என்ன ஆவது? முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்! பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்தோம். இங்கே காலி மண்டபத்தில் காத்துக் கிடந்த மர்டாக், ஃபிலாய்ட், ஹேசல் மூவரும் கூட்டத்தைத் தேடிக் கிளம்பி, தாங்கள் செய்த பலகையைத் தாங்களே நம்பி அங்கேயே வந்து சேர்ந்தார்கள்!

பெட்டிக்கு மேலே எல்வுட்டின் படம். பழைய நெகட்டிவிலிருந்து முரியல் புதிதாகப் போட வைத்தது. பார்த்தோம். சட்டைப் பொத்தான் பெண்கள் சட்டைபோல் இடவலம் மாறியிருந்தது. தையல் தெரிந்த கூட்டம் அல்லவா, தேவாலயம் முழுக்க ஒரே பெருமூச்சு. யாரும் வாயைத் திறக்கவில்லை.

“எல்வுட்டப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொல்றீங்களா?” என்று கேட்டார் பாதிரியார்.

எல்லார் தொண்டையிலும் ஒரே வார்த்தை. எப்படிச் சொல்வது? அப்போது, எறும்பை மிதித்தால்கூட வருத்தம் தெரிவிக்கிற நம் ஹேசல் அக்கா எழுந்து, முகம் சிவந்து, கூரை அதிரக் கத்தினார்: “திருப்பிப் போட்டிருக்கு!”

முரியல் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். “காலையிலேருந்து அந்தப் படத்தப் பாத்துப் பாத்து ஏங்கிட்டிருந்தேம்மா. இதச் சொல்ல ஒரு ஆள் இல்லாம போச்சேன்னு! எங்க, இன்னொரு தடவ சொல்லு!”

சொன்னோமே! அந்தத் தேவாலயமே எழுந்து நின்று சொன்னோமே! ஹாலிஃபாக்ஸ் தம்பதியும் சேர்ந்துதானே கத்தினார்கள்?

பலகையைக் கெடுத்தது யார் என்று கண்டறிய நாம் ஒரு குழு போட்டோம். அந்தக் குழு குளிர்காலம் முழுக்கக் கூடியது, தேநீர் குடித்தது, யார் மனமும் நோகக் கூடாதென்று யார் பெயரையும் சொல்லாமல் கலைந்தது. நான் சொல்லிவிட்டேன்: மர்டாக், ஃபிலாய்ட், ஹேசல்! கூரை இடிந்து விழுந்ததா? அவர்களே சிரிக்கிறார்கள்! அன்பர்களே, வாய் திறந்து சொல்ல இந்த ஊரில் ஒரே ஒரு மனிதன் இருந்தான். அவன் வாய் மூடியதுமே நம் விரல் வழி மாறியது. மாறிய விரல் நம்மை எங்கே கொண்டு சேர்த்தது? அவனிடம்! இனி நாம்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் திருத்தாதீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள், சேர்ந்து சிரியுங்கள், பிறகு திருத்துங்கள்!

இப்போது தொடங்குகிறேன். முறைப்பை நிறுத்திய தலைவர் பெர்னிஸ் அம்மையார் அவர்களே! மூன்று முறை திருப்பிய முத்தான கைகளே! சூப்புக்காகப் பொறுமை காத்த பெரியோர்களே! அன்று சாண்ட்விச் சாப்பிட்டுக் கண்ணீர் சிந்திய தாய்மார்களே! தம்பியைத் தனியாக அனுப்பாத முரியல் அம்மையார் அவர்களே! இன்று எல்வுட்டுக்காகப் பின்வரிசையில் நாம் போட்டு வைத்திருக்கும் காலி நாற்காலியே!

அந்த நாற்காலி மாலையிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லாரும் பார்த்தீர்கள். ஒருவராவது வாயைத் திறந்தீர்களா?

எங்கே, எல்லாரும் சேர்ந்து, கூரை அதிர!