பஸ்ஸுக்கு ஒரு சும்மாடு

யுத்த காலத்தில் ஒருநாள், பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு நான் ஏறிய பஸ் எஞ்சின் மூடி கடகடவென்று ஆட, ஊர்ந்துகொண்டிருந்தது.

"வேகமா போனா மூடி பிச்சுக்கிட்டுப் பறந்துரும்" என்றார் டிரைவர்.

"சாயங்கால ரயில்ல என் மவன் பட்டாளத்துக்குப் போறான்யா!" என்று தவித்தார் ஒரு பெரியவர்.

பானைக் கூடையோடு இருந்த அம்மா சிரித்தார். "சும்மாடு இல்லாத சுமை ஆடத்தான் செய்யும். இந்தாப்பா, என்னோடத வையி."

தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் அந்தத் துணிச் சுருளை டிரைவர் மூடிக்கு அடியில் மெத்தையாக வைத்து அழுத்தி மூடினார். ஆட்டம் நின்றது; பஸ் பறந்தது.

பாடாலூரில் இறங்கிய அந்த அம்மா வெறுந்தலையில் கூடையைத் தூக்கப் போனார். பெரியவர் தம் தோள்துண்டைச் சுருட்டி நீட்டினார்.

"ஐயே, வெறுந்தோளோடயா மவனப் பாக்கப் போவீங்க?"

"அவனப் பாக்க வைக்கிறதே நீங்கதான் தாயி. துண்டு கெடந்த எடத்துல அவன் கையப் போட்டுக்குவான்."